காசு நகரத்துக்கு, கடன் ஊர்க்கடைக்கு



சென்ற இதழில் நுண்கடன் கம்பனிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி, கற்பிட்டிப் பக்கத்தில் நடந்த கூட்டமொன்றின் முடிவில் என்னை நிறுத்தி, "கடன் வாங்கினவங்களப் பத்தியே எழுதுறீங்க மிஸ். கடன் குடுத்திட்டு நிக்கிற எங்களப் பத்தி எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டார். அவர் வட்டிக்குக் காசு கொடுப்பவர் அல்லர். வீட்டு விறாந்தையின் ஒரு பக்கத்தைப் பலகையால் மறித்துப் பெட்டிக்கடை வைத்திருப்பவர். கடையில் இருக்கும் சாமானின் பெறுமதியைவிட அவருடைய கடன் கொப்பியில் வெளியே நிற்கும் தொகை கூட. "கடை கொப்பிக்குள்ள போயிட்டுது" என்றார்.

அவருடைய கேள்வி நியாயமானது. எனவே இந்த மாதம் ஊர்க்கடைகளைப் பற்றிப் பேசுவோம்.

சிலாபத்திலிருந்து முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியாகப் புத்தளத்துக்கும், பாலாவியில் திரும்பி நுரைச்சோலை, ஏத்தாளை தாண்டிக் கற்பிட்டிக்கும் போகிற வழியெங்கும் உள்ளொழுங்கைகளில் பெண்கள் நடத்தும் கடைகளைக் காணலாம். இவற்றில் பல போரோடு பிறந்தவை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இந்த மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடையும் களஞ்சியமும் வைத்திருந்தவர்கள் கையில் பையொன்றோடு வந்து கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். அந்த முகாம்களில் வெற்றிலை, தீப்பெட்டி, இனிப்பு என்று ஒரு பலகைப் பெட்டியின்மேல் பரப்பி வைத்த தாய்மார்தான் இன்றைய பல கடைகளின் முதல் முதலாளிகள். பிறகு வந்த உதவி நிறுவனங்களின் சுயதொழில் பட்டியலிலும் ஆடு, கோழி, தையல் இயந்திரம் ஆகியவற்றோடு 'சில்லறைக்கடை' தவறாமல் இருந்தது. ஒரே ஒழுங்கையில் நான்கு பேருக்குச் சில்லறைக்கடை போட உதவிய திட்டங்களும் உண்டு. நால்வரும் ஒரே பிஸ்கட்டை ஒரே ஒழுங்கைக்கு விற்கவேண்டியிருந்தது. திட்டம் வரைந்தவர்கள் அந்த ஒழுங்கையில் ஒருநாள் நின்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.

2009இல் போர் முடிந்தபின் சிலர் வடக்குக்குத் திரும்பினார்கள், சிலர் இங்கேயே நின்றுவிட்டார்கள், சிலர் இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கிறார்கள். கணவனை இழந்து, அல்லது கணவன் இருந்தும் உழைக்க முடியாத நிலையில், குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு இந்தக் கடை இன்றும் அரிசிப் பானையாக இருக்கிறது. அந்தப் பானைக்குத்தான் இப்போது மெல்ல மெல்ல ஆபத்து வருகிறது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லோரும் நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டைக் காட்டுகிறார்கள். அது முழுப் பதில் அல்ல என்றாலும் அங்கிருந்தே தொடங்குவோம். கார்கில்ஸ் நிறுவனம் 1844இல் கண்டியில் ஆரம்பிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அது வெள்ளைக்காரருக்கான கடை. அதே நிறுவனம் 1983இல் கொழும்பில் முதலாவது 'பூட் சிற்றி'யைத் திறந்தது. சுப்பர் மார்க்கெட் என்றால் கொழும்புப் பணக்காரருக்குரியது என்று நாம் நெடுங்காலம் நினைத்திருந்தோம். இன்று புத்தளத்திலும் சிலாபத்திலும் அது இருக்கிறது. யாழ்ப்பாண நகரின் நடுவில் 2013இல் கார்கில்ஸ் சதுக்கமே எழுந்தது. அரசாங்கத்தின் லங்கா சதொசவும் அதே பாணிக்கு மாறி, தள்ளுவண்டி, கணினிச் சிட்டை என்று வந்துவிட்டது. போதாததற்குக் கைத்தொலைபேசி. அபாயாவும் பிள்ளைகளின் உடுப்பும் விற்றுவந்த சகோதரிகளிடம் கேட்டுப் பாருங்கள். டராஸிலும் முகநூல் நேரலையிலும் விலை பார்த்துவிட்டு வந்துதான் இப்போது பேரம் பேசுகிறார்கள்.

சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகிற பெண்ணைக் குறை சொல்ல என்னால் முடியாது. அங்கே விலை ஒட்டியிருக்கிறது. காலாவதித் திகதியைத் திருப்பிப் பார்க்கலாம். எடுத்த சாமானைத் திரும்ப வைத்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. முக்கியமாக, "மகன் காசு அனுப்பினானா? பழைய பாக்கி என்னாச்சு?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. குளிரூட்டியைவிட இந்தக் கேள்வியில்லாமை பெரிய வசதி என்று எனக்குப் படுகிறது.

விலை மலிவு என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. எங்கள் மகளிர் குழுவொன்றில் பெண்கள் இரண்டு பட்டியல் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உச்ச விலை அச்சிடப்பட்ட பால்மா, சவர்க்காரம், பிஸ்கட் போன்றவை பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சீனி, பருப்பு நகரத்தில் மலிவு. தேங்காய், மீன், கீரை ஊரில் மலிவு. பஸ் காசையும், கூடப்போன பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததையும் கூட்டியபோது பட்டியலில் வென்றது யார் என்பதில் குழுவுக்குள் சண்டையே வந்தது. ஆகவே சிறிய விலை வித்தியாசத்துக்காக மட்டும் பெண்கள் நகரத்துக்குப் போகவில்லை.

அப்படியானால் எதற்காகப் போகிறார்கள்? காசு அங்கேதான் கைக்கு வருகிறது. இதை நான் கொஞ்சம் விளக்கவேண்டும்.

முன்பு முகாம்களில் நிவாரணம் கூட்டுறவுக் கடை வழியாக அரிசியாகவும் மாவாகவும் வந்தது. இப்போது உதவி என்றால் வங்கிக் கணக்கு. 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு நேரே கணக்குக்குப் போகிறது. மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளின் காசு கணக்குக்கு வருகிறது. ஓய்வூதியமும் அப்படியே. வங்கி இருப்பது நகரத்தில். காசை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் எதிரே குளிரூட்டிய கடை. மாதச் சாமானை அங்கேயே வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீடு வருகிறோம். மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் சீனி முடிகிறது, மா முடிகிறது, கையிலும் ஒன்றுமில்லை. அப்போது பிள்ளையை ஒழுங்கைக் கடைக்கு அனுப்புகிறோம். "ராத்தா, உம்மா கொப்பியில போடச் சொன்னாங்க."

இதுதான் நான் சொல்லவந்த விடயம். கைக்காசு நகரத்துக்குப் போகிறது, கடன் ஊர்க்கடைக்கு வருகிறது. ஊர்க்கடை கடையாக இருப்பது குறைந்து, வட்டியில்லாத வங்கியாக மாறிக்கொண்டிருக்கிறது. அந்த வங்கியின் முதல் எவ்வளவு? ஒரு விதவைப் பெண்ணின் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ. அதுவும் பல வேளைகளில் கம்பனியிடம் கடனெடுத்த காசு. கொப்பிக் காசு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, வராமலும் போகிறது. கம்பனித் தவணையோ கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிறது. சென்ற இதழில் நுண்கடனில் விழுந்தவர்களைப் பற்றி எழுதினேன் அல்லவா? அவர்களில் சிலர் சேலை வாங்கி விழவில்லை. அயலவரின் அரிசிக்காக விழுந்தவர்கள்.

அதற்காகக் கொப்பியைக் கிழித்துப் போடு என்று சொல்லவும் மனம் வராது. 2020 மார்ச் 18ஆம் திகதி, நாடு முழுவதற்கும் ஊரடங்கு வருவதற்கு முன்பே, புத்தளம் மாவட்டத்துக்கும் கொச்சிக்கடைப் பகுதிக்கும் பொலிஸ் ஊரடங்கு போடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய கடைகள் தொலைபேசியிலும் இணையத்திலும் ஓடர் எடுத்தன. ஆனால் ஓடர் பண்ணத் தெரியாத வீடுகளுக்கு, லொறி நுழையாத ஒழுங்கைகளுக்கு, சோறு போட்டது பின்கதவு வழியாகச் சாமான் கொடுத்த பெட்டிக்கடைதான். 2022 பொருளாதார நெருக்கடியில், அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா வேண்டியிருந்தது. அப்போதும் நூறு கிராம் பருப்பைச் சுற்றித் தந்து கொப்பியில் எழுதியது யார்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் எங்கள் மாவட்டத்தை மூழ்கடித்தபோது பல கடைகளில் அரிசி மூட்டையும் நனைந்தது, கொப்பியும் நனைந்தது. மூட்டை நனைந்ததைக் கிராம அலுவலரிடம் சொல்லலாம். நனைந்து அழிந்த கொப்பிக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. விளக்கத்துக்காகவே சொல்கிறேன். நூறு ரூபாவுக்கு வாங்கும் பக்கற் ஒன்றை 108 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். இலாபம் எட்டு ரூபா. வாங்கிய விலையில் 5,000 ரூபா பெறுமதியான சாமானைக் கொப்பியில் எழுதிக்கொடுத்து அது திரும்பி வராவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்ய 625 பக்கற்றுகள் கைக்காசுக்கு விற்கவேண்டும். அதுவரை நீங்கள் விடிய ஐந்தரைக்குக் கடை திறந்ததும் இரவு ஒன்பதுக்கு மூடியதும் சும்மா. இந்தக் கணக்கைக் கூட்டங்களில் போட்டுக் காட்டினால் பெண்கள் சிரிப்பார்கள். பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

இன்னொரு இழப்பு கணக்கில் வராது. பாக்கி ஏறிய பெண் அந்தக் கடைக்கு முன்னால் நடக்கவே கூச்சப்படுகிறாள். கையில் இருநூறு ரூபா கிடைத்தால் அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமே என்று பயந்து, சுற்றுப் பாதையால் அடுத்த ஒழுங்கைக் கடைக்கோ நகரத்துக்கோ போய் வாங்குகிறாள். நாங்கள் சமூகவியல் படித்தபோது மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் வெளியிட்ட ஆய்வொன்று பாடத்தில் இருந்தது. ஒன்றைப் பெற்றுக்கொண்டவர் அதற்கு ஈடு செய்யும்வரை கொடுத்தவருக்கு ஒரு படி கீழேதான் நிற்கிறார் என்பது அதில் வரும் கருத்து. அவர் தூரத்துத் தீவுகளின் மக்களைப் பற்றி எழுதினார். எனக்கோ அதைப் படிக்கும்போது பாலாவிப் பக்கத்துப் பெட்டிக்கடைகள்தான் கண்ணில் வந்தன. கடன் கொடுத்தால் வாடிக்கையாளர் நிலைப்பார் என்று கடைக்காரி நம்புகிறாள். ஓர் அளவுக்குமேல் போனால் அதே கடன்தான் அவரைத் துரத்துகிறது. கடனும் போய், கைக்காசு வாடிக்கையும் போய்விடுகிறது.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கார்கில்ஸ் கண்டியில் தொடங்கிய அதே 1844ஆம் வருடம் டிசெம்பரில், இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் போட்டு ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகியவைதான் அவர்களிடமிருந்த சாமான். கலப்படமில்லாத பொருள், சரியான நிறை, வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கு இலாபப் பங்கு என்பன அவர்களுடைய விதிகள். பெண்களும் தம் பெயரிலேயே உறுப்பினராகலாம். இவற்றோடு இன்னொரு கண்டிப்பான விதி இருந்தது. கடன் கிடையாது, கைக்காசு மட்டும். அவர்களே வறியவர்கள். தம் அயலவர் பட்டினி கிடப்பதை அறியாதவர்கள் அல்லர். கடன் கொடுத்துக் கவிழ்ந்த கடைகளைக் கண்டதாலேயே அந்த விதியை வைத்தார்கள். அந்தக் கடையிலிருந்து கிளைத்ததுதான் உலகக் கூட்டுறவு இயக்கம். எங்கள் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தூரத்து மூதாதை அதுவே. (அந்தச் சங்கங்கள் இன்று பல இடங்களில் தூசி படிந்து கிடப்பது வேறு கதை. அதை இன்னொரு மாதம் எழுதுகிறேன்.)

ரொச்டேல் விதியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது என் கருத்து. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது உடப்பிலும் கண்டக்குளியிலும் அடுப்பு எரியவேண்டுமானால் ஏதோவொரு கொப்பி திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கொப்பிக்கு அளவும் ஒழுங்கும் வேண்டும். எங்கள் பகுதியில் கடையை விழாமல் காப்பாற்றிக்கொண்ட பெண்கள் செய்கிற சிலவற்றை அவர்கள் வாயால் கேட்டபடி சொல்கிறேன்.

எதற்குக் கடன், எதற்கு இல்லை என்று அவர்கள் முதலிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். அரிசி, மா, பருப்பு, பால்மா, சீனிக்குக் கடன் உண்டு. பிஸ்கட், சோடா, சிகரட்டுக்கு இல்லை. ரீலோட்டுக்கு இல்லவே இல்லை. ரீலோட் காசை நாம் கம்பனிக்கு முற்கூட்டியே கட்டிவிடுகிறோம், கிடைக்கும் தரகோ சில்லறை. அதைக் கடனுக்குப் போட்டால் நம் கைக்காசை எடுத்து மற்றவரின் தொலைபேசிக்குள் போடுவதுதான். "தம்பி, இது கம்பனிக் காசு, என்ட காசில்ல" என்று சொல்லிப் பழகிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை என்கிறார் ஒரு சகோதரி.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரை என்பதையும் கடை தொடங்கும்போதே, முகம் முறியாத காலத்திலேயே சொல்லிவிடவேண்டும். ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமான் என்பது பலர் வைத்திருக்கும் எல்லை. வாடிக்கையாளரிடம் ஒரு சிறு அட்டை இருக்கட்டும். கொப்பியில் எழுதும்போதே அந்த அட்டையிலும் எழுதுங்கள். பிள்ளை கடைக்கு வந்து இனிப்பும் வாங்கிக்கொண்டு போனானா இல்லையா என்று மாதக் கடைசியில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் நின்றுவிடும். கொப்பியின் பக்கங்களைக் கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதையும் வெள்ளத்துக்குப் பிறகு சிலர் பழகியிருக்கிறார்கள்.

கொப்பியின் முதல் பக்கம் உங்கள் சொந்த வீட்டுக்கு. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. கடையிலிருந்து சமையலுக்கு எடுத்த தேங்காய், மகன் எடுத்த சோடா, மாமி வந்தபோது உடைத்த பிஸ்கட் எல்லாவற்றையும் அந்தப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு மாதத்தில் உங்களுடைய மிகப் பெரிய கடன்காரர் யார் என்று தெரியவரும். எழுதுவது வீட்டாரைக் கணக்குக் கேட்பதற்கு அல்ல. கடை நட்டமா, அல்லது கடை இலாபமாகி வீடு அதைச் சாப்பிடுகிறதா என்பது தெரிந்தால்தான் அடுத்த கொள்வனவுக்கு எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

காசு வரும் நாளை நகரத்துக்கு விட்டுவிடாமல் பிடிக்க ஒரு வழியைப் புத்தளத்துக்கு அண்மையில் ஒரு சகோதரி கண்டிருக்கிறார். கொடுப்பனவு வருவதற்கு நாலு நாளைக்கு முன் வட்ஸ்அப்பில் பத்துப் பன்னிரண்டு வீடுகளின் மாதப் பட்டியலை எடுக்கிறார். தொலைபேசி இல்லாத வீட்டுக்குத் தானே போய்க் கேட்கிறார். கொஞ்சம் முற்பணம் வாங்குகிறார். எல்லாப் பட்டியலையும் கூட்டி மொத்தக் கடையில் சீனியை மூட்டையாகவும் பருப்பை மொத்தமாகவும் எடுக்கிறார். நகரத்து விலையை நெருங்கிய விலைக்குப் பொதி கட்டி, வீட்டு வாசலில் கொடுத்துக் காசு வாங்குகிறார். நோன்புக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் பட்டியல் கூடுகிறது. சாமான் தங்குவதில்லை, ஏனென்றால் விற்றபின்தான் வாங்குகிறார். சுப்பர் மார்க்கெட்டால் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், யாருக்குச் சீனி வியாதி, யார் எந்த அரிசி சாப்பிடுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

பல பேர் சேர்ந்து மொத்தமாக வாங்குவது பற்றியும் சொல்லவேண்டும். கேட்க இலகு, செய்யக் கடினம். ஐந்து பெண்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு முயற்சி எட்டு மாதத்தில் உடைந்தது. ஆட்டோக் கூலியை ஆளுக்குச் சமமாகப் பிரிப்பதா, எடுத்த சாமானின் அளவுக்குப் பிரிப்பதா என்பதில் வந்த பிரச்சினைதான் காரணம். அவர்களில் இருவர் மட்டும் இன்னும் சேர்ந்து வாங்குகிறார்கள், அளவுக்கேற்பப் பிரித்து. இருவர் மிச்சமானதே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். தொடங்குவதானால் கூலிக் கணக்கையும் காசு யார் கையில் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள்.

கடையில் என்ன விற்பது? கம்பனி லொறி இறக்கிவிட்டுப் போவதை மட்டும் விற்றால் நகரத்தோடு போட்டி போடத்தான் வேண்டும். அங்கே கிடைக்காதவற்றைக் கொஞ்சம் சேருங்கள். காலை ஆறு மணிக்குச் சுடச்சுட இடியப்பம், வீட்டில் வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள், அரிசி மா, கற்பிட்டிக் கருவாடு நூறு கிராம் பொதியில், அயல் தோட்டத்து வெங்காயம் என்று அவரவர் இடத்துக்கேற்ப யோசிக்கலாம். பொதி செய்து விற்பதானால் பெயர், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, விலை எல்லாம் எழுதி ஒட்டவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஒளியாமல் முதலிலேயே அவரிடம் போய்க் கேளுங்கள். பத்துக் கிராம் மஞ்சள், கால் போத்தல் எண்ணெய் என்று சில்லறையாகக் கொடுப்பதும் உங்கள் பலம்தான். கூலிக்காரப் பெண்ணுக்கு அன்றாடம் கிடைக்கும் காசின் அளவு அதுவே.

சட்டம் தெரியாமல் ஒரே நாளில் கடை மூடப்படக்கூடிய இடம் ஒன்றும் உண்டு, கவனியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், கட்டுப்பாட்டு விலைக்குமேல் விற்கக்கூடாது. 2021இல் செய்த திருத்தத்தின்பின், கட்டுப்பாட்டு விலையை மீறும் தனிநபருக்கு ஆகக்குறைந்த தண்டப்பணமே ஒரு இலட்சம் ரூபா. 2024 டிசெம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபா என்று உச்சச் சில்லறை விலை விதித்தபோது, மொத்தக் கடையில் அதற்குக் கூடிய விலைக்கு வாங்கிய சிறு கடைக்காரர்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார்கள். மேலே இருப்பவர் சிட்டை தராமல் விற்பார், பிடிபடுவது கீழே இருக்கும் நீங்கள். கேட்டால் சிட்டை தரவேண்டியது விற்பவரின் கடமை, அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. சிட்டை தர மறுக்கும் இடத்தில் கட்டுப்பாட்டு விலைச் சாமானை எடுக்காதீர்கள். கடையில் அரிசி இல்லை என்று நாலு நாள் சொல்வது ஒரு இலட்சத்தைவிட மலிவு. முறைப்பாடு செய்வதானால் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

இனி, கடை இல்லாத, கொப்பியில் பெயர் மட்டும் இருக்கிற சகோதரிகளுக்கு ஒரு சொல். சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் போகிறேன். ஆனால் காசு கைக்கு வந்த அன்று, நகரத்தில் பட்டியலை முழுவதும் வாங்கி முடிக்குமுன், கொப்பியில் இருக்கும் தொகையை ஒரு பக்கமாக எடுத்து முந்தானையில் முடிந்து வையுங்கள். முழுவதும் முடியாவிட்டால் பாதி. அதுவும் முடியாவிட்டால் கடைக்குப் போய், "இந்த மாதம் முடியல்ல ராத்தா, அடுத்த மாதம் ரெண்டாகத் தாறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். கடைக்காரப் பெண்கள் எல்லோரிடமும் நான் கேட்டிருக்கிறேன். காசு தாமதிப்பதைவிட ஆள் ஒளிவதுதான் தங்களுக்குத் தாங்கமுடியவில்லை என்கிறார்கள். காசில்லாத நாளில் உங்களுக்குத் திறக்கும் ஒரே கடையின் முதல் அந்தத் தொகைதான்.

கடை நடத்துகிறவர்களுக்கு இரண்டு சின்ன நினைவூட்டல்கள். தராசுக்கும் படிக்கற்களுக்கும் வருடந்தோறும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை குத்தவேண்டும். எந்த நாளில் எங்கே வருகிறார்கள் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு அறியலாம். கடையின் பெயரை இன்னும் பதியாதவர்களும் அங்கேயே விசாரிக்கலாம். வங்கிக் கடனுக்குப் போகும்போது அந்தத் துண்டுதான் நீங்கள் வியாபாரி என்பதற்குச் சாட்சி. கொப்பியில் எல்லையை எப்படி வைத்தீர்கள், எந்த வீட்டில் எப்படிச் சொன்னீர்கள் என்பதை எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போடாமல் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம்.